மே மாதப் பனியும் ஸ்னோ ஸ்கூட்டரும்

மதுரை பழங்காநத்தத்திலிருந்து ஒரு குடும்பம் பனி பார்க்கக் கிளம்புகிறது என்றால், அது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் இருக்கும். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிய வேண்டும். கடை வைத்திருப்பவர் என்றால் சித்திரைத் திருவிழா வியாபாரம் முடிய வேண்டும். மதுரை – சண்டிகர் ரயிலில் எல்லாருக்கும் சேர்த்து இடம் கிடைக்க வேண்டும். இத்தனையும் கூடி வருவதற்குள் இமயமலையில் பனிக்காலம் முடிந்து, அதன் வால்பகுதி ஓடிக்கொண்டிருக்கும். டூர் ஏஜென்சி பேனரில் இருக்கும் படமோ ஜனவரியில் எடுத்தது. அதில் தேவதாரு மரங்களின் கிளையெல்லாம் வெள்ளை, ஸ்னோ ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் பனித்தூள் பறக்கிறது.

“அண்ணே, மே மாசம் போனா பனி இருக்குமா, பிள்ளைக வண்டி ஓட்டலாமா?” என்று கேட்டால், “கண்டிப்பா இருக்கும் சார்” என்றுதான் ஏஜென்சியில் சொல்வார்கள். பொய்யில்லை, பனி இருக்கும். எந்த உயரத்தில், காலை எத்தனை மணி வரை, எந்த மாதிரிப் பனி என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நம் ஊர் விடுமுறைக் கணக்குப்படி நமக்குக் கிடைப்பது எப்போதும் பழைய பனிதான். அதன் குணம் தெரிந்து போனால் காசுக்கேற்ற சவாரி கிடைக்கும். தெரியாமல் போனால் மதியம் இரண்டு மணிக்குச் சேறும் தண்ணீருமான ஒரு மைதானத்தில் நின்றுகொண்டு வாடகைக் கோட்டைத் தூக்கிப் பிடித்திருப்போம்.

முதலில் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. இமாச்சலத்துக்கும் காஷ்மீருக்கும் குளிர்காலத்தில் பனி தருவது மேற்கிலிருந்து, மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்த அலைகள். வானிலைக்காரர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து மலையில் மோதும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாளைச் சில்லை கலான் என்கிறார்கள். குளிரின் உச்சம் அதுதான். அடுத்த 20 நாள் சில்லை குர்த், அதற்கடுத்த 10 நாள் சில்லை பச்சா. அந்த 40 நாளில் விழும் பனிதான் கெட்டியாக உட்கார்ந்து கோடை வரை நிற்கும். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் விழுவது எவ்வளவு கனமாக இருந்தாலும் சீக்கிரம் ஓடிவிடும், ஏனென்றால் அதற்குள் வெயில் ஏறியிருக்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. மணாலிக்கு மேலே உள்ள ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். உயரத்துக்கு மட்டுமே 25 டிகிரி கழிந்துவிடும். வடக்கே தள்ளி இருப்பதால் இன்னும் கொஞ்சம் கழியும். கொடைக்கானல் 2,133 மீட்டர்தான், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு அருகில். அதனால்தான் அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிகிறதே தவிர வானத்திலிருந்து பனி விழுவதில்லை. மூணாறில் ஜனவரிக் காலையில் வெள்ளையாகத் தெரிவதும் அதே உறைபனிதான். வண்டி ஓட்ட அது ஆகாது, போட்டோவுக்கு ஆகும்.

விழுந்த நாளிலேயே பனி மாறத் தொடங்குகிறது. புதுப்பனி ஆறு கிளை கொண்ட படிகம். கிளைகளுக்கு நடுவே நிறையக் காற்று அடைபட்டிருப்பதால் ஒரு கன மீட்டர் புதுப்பனி 50 முதல் 100 கிலோதான் இருக்கும். பேனரில் பறக்கிற தூள் இதுதான். சில நாளில் கிளைகள் மழுங்கி, மணிமணியாக நெருங்கி உட்கார்ந்து 200, 300 கிலோ ஆகும். பகல் வெயிலில் மேல்பகுதி உருகி, தண்ணீர் கீழே இறங்கி, இரவில் மறுபடி உறைந்து, மறுநாள் மறுபடி உருகி என்று பல சுற்று நடந்த பிறகு, ஏப்ரல், மே வாக்கில் ஒரு கன மீட்டர் 400, 500 கிலோவுக்கு வந்துவிடும். தனிப் படிகமே மிஞ்சாது. ஊறிய ஜவ்வரிசி அளவுக்குப் பெருத்த பனிமணிகள்தான் கையில் வரும்.

மே மாதத்தில் போகிறவர் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இந்த உருகி உறையும் சுற்றுதான். ஒரே இடத்துப் பனி ஒரே நாளில் மூன்று குணம் காட்டும்.

விடியற்காலையில் அது கல். இரவு முழுக்க உறைந்ததால் மேற்பரப்பு இறுகிக் கிடக்கும், பூட்ஸ் வழுக்கும், வண்டியின் முன்சறுக்குகள் திருப்பத்தில் பிடிக்காமல் பக்கவாட்டில் ஓடும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனதும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இளகும், அடியில் கெட்டியாகவே இருக்கும். சவாரிக்கு இதுதான் பொன்னான நேரம். சறுக்குகளுக்குப் பிடிப்பு உண்டு, வண்டி புதையாது, விழுந்தாலும் அடி குறைவு. மணியாகப் பிரியும் இந்தப் பனிக்காகவே வசந்தகாலம் வரை காத்திருக்கும் பனிச்சறுக்கு வீரர்கள் வெளிநாடுகளில் உண்டு. மதியத்துக்கு மேல் கட்டு விட்டுவிடும். மணிகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும், கால் முழங்கால் வரை இறங்கும், வண்டியின் பெல்ட் பனியைத் தோண்டிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கும்.

இந்த மூன்று வேளைக்கும் கடிகார நேரம் இடத்துக்கு இடம் மாறும். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், வடக்கு பார்த்த சரிவு கடைசியில். மே மாதத்தில் ரோதாங் உயரத்தில், தெளிந்த இரவுக்குப் பிறகான காலையில், எட்டு மணியிலிருந்து பத்தரை வரை என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. பதினொன்றரைக்குப் பிறகு காசு கொடுத்து வண்டி ஏறுவது வீண் என்பது என் கருத்து. பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

தெளிந்த இரவு என்று ஏன் சொன்னேன் என்றால், பனி தன் வெப்பத்தை வானத்துக்கு அள்ளிக் கொடுக்கும் பொருள். மேகம் இல்லாத இரவில் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பி வந்துவிடுவதால் உறையாது. முதல் நாள் மதியம் விட்ட சொதசொதப்பிலேயே மறுநாள் காலையும் தொடங்கும். மணாலி ஓட்டலில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் மறுநாள் பனி நன்றாக இருக்கும், சீக்கிரம் தூங்கப் போகலாம். மூடாக்கு என்றால், முடிந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளுங்கள்.

பழைய பனி இன்னொரு வகையிலும் நஷ்டப்படுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மணி பெருத்து, ஈரமாகி, தூசி படிந்த பனி பாதியைத்தான் திருப்பும், மீதியைக் குடித்து உருகும். தூசியோடு டீசல் புகைக்கரியும் சேர்ந்தால் இன்னும் வேகம். ரோதாங்கில் கோடை நெரிசலே பனிக்கு எமனாக வந்தது இப்படித்தான். 2014 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைக் கையில் எடுத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த வரம்புப்படி நாளொன்றுக்கு 1,200 சுற்றுலா வாகனங்கள், அதில் 800 பெட்ரோல், 400 டீசல். முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாலைப் பராமரிப்புக்காக விடுமுறை. இந்தச் செவ்வாய் தெரியாமல் மணாலியில் இரண்டே நாள் போட்டு, அதில் ஒன்று செவ்வாயாக அமைந்துவிட்ட குடும்பங்களின் கதையை எந்த டூர் கோஷ்டியிலும் கேட்கலாம்.

இனி வண்டி. பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்களில் இருப்பவர்களுக்கு இந்த வண்டியின் பாதி ஏற்கெனவே தெரியும். டி.வி.எஸ். நகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கியர் இல்லாத ஸ்கூட்டியைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் இங்கே உண்டா? ஸ்கூட்டியில் இருக்கும் அதே வேரியேட்டரும் பெல்ட்டும்தான் ஸ்னோ ஸ்கூட்டரிலும், அளவில் பெரிதாக. ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன் கப்பியின் இரு பாதிகளும் நெருங்கும், பெல்ட் மேலே ஏறும், வேகம் கூடும். வித்தியாசம் சக்கரத்தில். முன்னால் இரண்டு சறுக்குகள், திருப்புவதற்கு. பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர்ப் பட்டை, அதன் வெளிப்பக்கம் பனியைக் கவ்வ வரிசையாகப் பற்கள். 200, 300 கிலோ எடை இந்தப் பட்டையிலும் சறுக்குகளிலும் பரவி விழுவதால், பனிமேல் ஒரு மனிதரின் காலடி தரும் அழுத்தத்தைவிட இந்த வண்டி தருவது குறைவு. நாம் இடுப்பு வரை புதையும் இடத்தில் வண்டி மேலேயே ஓடும்.

இதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், வால்கூர் என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போய், பனி மூடிய சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்தது. 1937-இல் பனியில் ஓடும் பட்டைக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தது பலர் உட்காரும் பெட்டி வண்டிகள், டாக்டர்களும் தபால்காரர்களும் வாங்கினார்கள். ஒருவர் இருவர் ஏறும் சின்ன வண்டி ஸ்கீ-டூ என்ற பெயரில் வந்தது 1959-இல். நாம் மணாலி பக்கத்துச் சோலாங்கில் ஐந்து நிமிடம் ஏறி இறங்கும் வண்டிக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டு இழவு இருக்கிறது.

பழைய பனியில் இந்த வண்டிக்கு என்ன சிக்கல் என்றால், அது பனியின்மேல் ஓடுவது மட்டுமில்லாமல் பனியாலும் ஓடுகிறது. ரப்பர்ப் பட்டை உள்ளே இரண்டு நீளமான தண்டவாளங்கள்மேல் சுற்றுகிறது. தண்டவாளத்தின் அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டி ஒட்டியிருக்கும். அதற்கு ஆயிலும் கிடையாது, கிரீஸும் கிடையாது. பட்டை வாரியடிக்கும் பனி உள்ளே புகுந்து ஈரமாக்குவதுதான் மசகு. அதேபோல், தண்ணீர் குளிர்விப்பு உள்ள எஞ்சின்களில் பலவற்றுக்கு நம் காரில் இருப்பது போன்ற பெரிய ரேடியேட்டர் கிடையாது. பட்டைக்கு மேலே உள்ள கூரையில் குளிர்விப்புக் குழாய்கள் ஓடும். பட்டை எறியும் பனி அதில் பட்டு உருகி, வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும் என்பதால் கொஞ்சம் பனி பட்டாலே நல்ல குளிர்ச்சி.

விடியற்காலைக் கல் பனியில் பட்டை எறிவதற்குத் தூளே இருக்காது. எஞ்சின் சூடேறும், பிளாஸ்டிக் பட்டி தேய்ந்து இளகும். குளிர்நாட்டில் ஓட்டுபவர்கள் இதற்கென்று தண்டவாளத்தில் கம்பி போன்ற சுரண்டியை மாட்டி, அது பனியைக் கீறித் தூளாக்கிப் பட்டைக்குள் அனுப்பும்படி செய்துகொள்வார்கள். காற்றால் குளிரும் எஞ்சின் உள்ள பழைய மாடல்களுக்கு எஞ்சின் கவலை குறைவு, பட்டித் தேய்மானம் மட்டும் அப்படியே உண்டு. மதியச் சேற்றுப் பனியில் சிக்கல் தலைகீழ். ஈரம் தாராளமாக இருக்கும், பிடிப்பு இருக்காது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கப் பட்டை இருந்த இடத்திலேயே குழி பறிக்கும். பழகிய ஓட்டுநர் அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, இறங்கி, வண்டியை அசைத்து, முன்னால் பனியை மிதித்துப் பாதை போட்டு எடுப்பார். புதியவர் முறுக்கிக்கொண்டே இருப்பார். அன்று சேற்றில் நிறுத்திய வண்டி இரவில் பட்டையோடு சேர்த்துத் தரையில் உறைந்துவிடும் என்பதால் அடியில் பலகை கொடுத்து நிறுத்துவார்கள்.

பனி மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் பாறை தலைகாட்டும். சறுக்கு பாறையில் மாட்டினால் வண்டி நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். அதனால்தான் கடைசிப் பருவத்தில் ஓட்டத் தருகிறவர்கள் குறுகிய ஒரே வட்டத்தில் சுற்றவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்களுடைய ஆள் நமக்குப் பின்னால் உட்கார்ந்து பிடியில் கை வைத்திருப்பார். இதை ஏமாற்று என்று சண்டை போடுகிறவர்களைப் பார்க்கலாம். வட்டம் பெரிதாக வேண்டும் என்று அடம்பிடிப்பதைவிட, அவர் சொல்லும் கோட்டை விட்டு விலகாமல் இருப்பதுதான் புத்தி. எந்தப் பாறை எந்த அடியில் கிடக்கிறது என்பது பனி விழுவதற்கு முன்பே அந்த மைதானத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

உயரத்தில் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். முந்நூறு மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று சதவீதம் சக்தி குறையும் என்பது வழக்கமான கணக்கு. நாலாயிரம் மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கார்புரேட்டர் வண்டி என்றால் ஜெட் மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை தள்ளும். இரண்டு பேர் ஏறிய வண்டி ஏற்றத்தில் திணறுவது ஓட்டத் தருகிறவரின் தந்திரமில்லை. நமக்கும் அதே கதிதான். ரோதாங்கில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மதுரையிலிருந்து விமானத்தில் போய், ஓரிரு நாளிலேயே அங்கே நின்றால் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். மணாலியில் ஒரு நாள் சும்மா சுற்றிவிட்டு ஏறுங்கள்.

எங்கே போவது என்றால், நாள் ஏற ஏற மேலே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. மணாலிக்குப் பக்கத்தில் சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 2,500 மீட்டர். ஜனவரி, பிப்ரவரியில் ஸ்னோ ஸ்கூட்டருக்குப் பெயர் போன இடம். மே மாதத்தில் அங்கே பச்சைப் புல், பாராகிளைடிங், நாலு சக்கர ஏ.டி.வி. வண்டி. ‘சோலாங்கில் பனிச் சவாரி’ என்று மே மாதப் பயணத்திட்டத்தில் அச்சடித்திருந்தால் அந்த வரியை அங்கேயே சுட்டிக்காட்டிக் கேளுங்கள். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைக் கடந்தால் லாஹௌல் பக்கம் சிஸ்ஸு, கோக்சர். இரண்டும் மூவாயிரத்து நூறு மீட்டரை ஒட்டியவை. நல்ல பனி விழுந்த வருடத்தில் ஏப்ரல் வரை தாங்கும். மே மாதத்தில் ரோதாங் உச்சியும் அதை ஒட்டிய சரிவுகளும்தான் நம்பிக்கை. எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டி வழி திறந்த பிறகுதான் போக முடியும். சாலையின் இருபுறமும் பனிச்சுவர் நிற்பதைப் பார்ப்பதே ஒரு அனுபவம். ரோதாங்கில் வணிக விளையாட்டுகளுக்கும் தீர்ப்பாயத்தின் கட்டுப்பாடு உண்டு என்பதால், வண்டியை எந்த இடத்தில் ஓட்ட விடுகிறார்கள் என்பதை மணாலியில் இறங்கியதும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காஷ்மீரில் குல்மர்க் 2,650 மீட்டர். பனிக்காலத்தில் கீழ் மைதானத்திலேயே வண்டி ஓடும். ஏப்ரலில் அது கரைந்ததும் பனி தேடிக் கேபிள் காரில் ஏற வேண்டும். முதல் கட்டம் கொங்தூரி சுமார் 3,100 மீட்டர், இரண்டாம் கட்டம் அபர்வத் சரிவில் ஏறத்தாழ 3,950 மீட்டர். மே மாதம் முதல் கட்டத்தில் திட்டுத்திட்டாகவும் இரண்டாம் கட்டத்தில் ஓரளவு நன்றாகவும் பனி இருக்கும். சோனாமார்க்கைத் தாண்டி சோஜி லா கணவாய், 3,528 மீட்டர். அதைக் கடந்து கார்கில் சாலையில் ‘ஜீரோ பாயின்ட்’ என்று அழைக்கும் இடத்தில் மே முழுக்கவும் சில வருடம் ஜூனிலும் பனி கிடக்கும். ஸ்னோ ஸ்கூட்டர், ஸ்லெட்ஜ் இரண்டும் அங்கே உண்டு. என்னைக் கேட்டால் மே மாதத்தில் காஷ்மீர் போகிறவர்கள் குல்மர்க்கில் வண்டிக்குச் செலவு செய்யாமல் இங்கே செய்யலாம்.

ஆபத்துகளில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன். முதலாவது, பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர். உருகும் காலத்தில் ஓடைகள் பனியை அடியிலிருந்து அரித்துக் குகையாக்கும். மேலே பார்த்தால் சமதரை. காலையில் உறைந்திருக்கும்போது யானையைத் தாங்கும், மதியம் ஆளைத் தாங்காது. ஓடைச் சத்தம் கேட்கிற இடத்திலும், பனி லேசாகக் குழிந்து சாம்பல் நிறமாகத் தெரிகிற கோட்டிலும் நிற்கவே வேண்டாம். போட்டோ எடுக்கப் பாதையை விட்டு இறங்குகிறவர்கள்தான் இதில் மாட்டுவது.

இரண்டாவது, ஈரப்பனிச் சரிவு. பனிச்சரிவு என்றாலே கடும் குளிர்காலம் என்று நினைக்கிறோம். தண்ணீர் இறங்கி அடுக்குகளின் பிடிப்பைக் கரைத்துவிட்ட பனி, 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் வசந்தத்தில்தான் கனமாகப் பெயர்ந்து வரும். 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் கேங்டாக் – நாதுலா சாலையில், 15-ஆவது மைல் அருகே, பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13-ஆவது மைல் வரைதான் அன்று அனுமதி இருந்தது. அதையும் தாண்டிப் பனியில் விளையாடப் போனவர்கள்தான் அகப்பட்டார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற ஆய்வு நிறுவனம் இமயமலை மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. டிரைவரோ கடைக்காரரோ “இன்னும் கொஞ்சம் மேலே போனா நல்ல பனி சார்” என்றால், தடுப்பு எங்கே போட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று புற ஊதாக்கதிர் ஏறும், பனி அதைக் கீழிருந்தும் திருப்பியடிக்கும். மாலையில் கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்தும் குழந்தை, காலையில் கண்ணாடியைக் கழற்றி எறிந்த குழந்தையாகத்தான் இருக்கும்.

பனியை அங்கேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கையுறையோடு ஒரு பிடி அள்ளி உருட்டுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உலர்பனி. மே மாதத்தில் அது கிடைப்பது அபூர்வம். உருண்டை பிடித்து, தண்ணீர் வராவிட்டால் நல்ல நேரம். பிழிந்ததும் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் பனி அளவுக்கு மீறி நனைந்துவிட்டது என்று பொருள், அன்றைய சவாரி முடிந்தது. மலையேறுபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. பூட்ஸ் கணுக்கால் வரை இறங்கினால் பரவாயில்லை, முழங்காலை நெருங்கினால் சரிவுகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நம் உறவுக்காரர்கள் பலர் இருக்கும் கனடாவின் ஒண்டாரியோவில் இதே பருவக் கடைசி மார்ச் மாதத்திலேயே வந்துவிடும். அங்கே இதைப் பெரிய ஒழுங்கோடு நடத்துகிறார்கள். மாநில ஸ்னோமொபைல் (நம் ஸ்னோ ஸ்கூட்டர்தான்) சங்கங்களின் கூட்டமைப்பு தன் பாதை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு, எது திறந்திருக்கிறது, எது அரைகுறை, எது மூடியது என்று காட்டும். பாதையைச் சமப்படுத்தும் எந்திரத்தைப் பெரும்பாலும் இரவில் ஓட்டுவார்கள், அப்போதுதான் சமப்படுத்திய பனி விடிவதற்குள் இறுகும். அங்கே வசந்தத்தில் உயிர் வாங்குவது ஏரி. அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை, புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 5 அங்குலம் இருந்தால் ஸ்னோமொபைல் போகலாம் என்கிறது, வெள்ளையாக இருந்தால் இரு மடங்கு கனம் கேட்கிறது. மார்ச்சில் இந்தக் கணக்கே செல்லாது. வெயிலில் பனிக்கட்டி நெட்டாக ஊசிஊசியாகப் பிரிந்துவிடுவதால், ஒன்றரை அடி கனம் இருந்தும் கால் வைத்ததும் உடையும். ஸ்கார்பரோவில் இருக்கும் மாமா பையன் மார்ச் கடைசியில் ஏரிமேல் கூட்டிப்போகிறேன் என்றால் கரையிலேயே நின்று டீ குடிப்பது நல்லது.

இத்தனை கணக்கையும் சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் கணக்கே ஆட்டம் காண்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில், சில்லை கலான் நடுவில், குல்மர்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. பனி வந்தது மாதக் கடைசியில்தான். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் தள்ளிவைத்து, பிப்ரவரிக் கடைசியில் பனி விழுந்த பின் மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் ஆய்வு மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, இந்துகுஷ் – இமயமலைப் பகுதியில் அந்தப் பருவத்தில் பனி தரையில் தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு. அதுவரையிலான 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு. பனி தாமதமாக விழுந்தால், மார்ச்சில் பார்க்கக் கனமாக இருந்தும் இறுக நேரமில்லாமல் மே மாதத்துக்குள் ஓடிவிடும். ஆகவே “போன வருஷம் எங்க சித்தப்பா போனப்ப இடுப்பளவு இருந்துச்சு” என்பது இந்த வருடத்துக்குச் சாட்சியாகாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அங்கே எடுத்த படம் ஒன்றைத் தேதியோடு அனுப்பச் சொல்லி ஏஜென்சியைக் கேளுங்கள். தயங்கினால் ஓட்டலுக்கே போன் போட்டுக் கேட்கலாம், அங்கே வரவேற்பில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பயணத்திட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தம் சின்னதுதான். வழக்கமான பேக்கேஜில் காலை உணவு ஒன்பது மணிக்கு ஓட்டலில், பனி மதியம், ஷாப்பிங் மாலை. இதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், காலை உணவு பொட்டலமாகக் கையில். கோட்டும் கம் பூட்ஸும் மணாலியிலிருந்து பல்சான் போகும் வழியெங்கும் எண் போட்ட வாடகைக் கடைகளில் கிடைக்கும். விடியற்காலையில் அங்கே வரிசை நிற்கும் என்பதால் முந்தின நாள் மாலையே எடுத்து அளவு பார்த்து வைத்துவிடலாம். கம் பூட்ஸுக்குள் போட இரண்டு ஜோடிக் கம்பளிச் சாக்ஸை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை சாக்ஸ் வேண்டாம். மணாலியில் குறைந்தது மூன்று காலைகள் இருக்கட்டும், அதில் செவ்வாயைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். முதல் காலை மூடாக்காக இருந்தால் அன்று சோலாங்கில் ஏ.டி.வி. ஓட்டிவிட்டு, ஹிடிம்பா கோயிலைப் பார்த்துவிட்டு, பெர்மிட்டை மறுநாளுக்கு மாற்றிப் போடக் கிடைக்குமா என்று டிரைவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.